கல்லில் ஏறிய பாட்டன்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரி பொய் இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்போதே கொட்டிப் போகட்டும். அதில் இரண்டு கட்டின பல் என்பது வேறு விஷயம். உத்திரமேரூரில் எவனைக் கேட்டாலும் என்னைப் புளுகன் என்பான். நம்பாதீர்கள். அவனுங்க எல்லாம் என்னிடம் கதை கேட்டு வளர்ந்தவனுங்க.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. திருநெல்வேலியிலிருந்து முதல் தடவையாக வரும் சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டி, சாயங்காலம் செங்கல்பட்டில் ரயில் ஏற்றிவிட வேண்டும்.

எங்கள் ஊர் கல்வெட்டு மண்டபத்தை மட்டும் காட்டக் கூடாது.

வெளியூர்க்காரன் எங்கள் ஊருக்கு வருவதே அதைப் பார்க்கத்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓலையில் பேர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஊரைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்த கதை அந்தச் சுவர் முழுக்கச் செதுக்கிக் கிடக்கிறது. அதைப் போய் எதற்கு மறைக்க வேண்டும்?

எல்லாம் இந்த வாயால் வந்தது. திருநெல்வேலியில் நடந்த என் மகள் கலாவின் கல்யாணப் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்து இலை எனக்கு. மனுஷன் ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். சாம்பார் வருவதற்குள் அவருடைய தாத்தா தபால் பையைத் தலையில் கட்டிக்கொண்டு, வெள்ளத்தில் தாமிரபரணியை நீந்திக் கடந்துவிட்டார். ரசம் வருவதற்குள் நானும் ஏதாவது செய்தாக வேண்டும். அவர் தாத்தா ஆற்றில் இறங்கினால் என் பாட்டன் கல்லில் ஏறக் கூடாதா?

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் காலத்துல ஏரியைப் பாத்துக்கற கமிட்டியில இருந்தாரு சம்பந்தி. பேரு ஏரிகாத்தான். இன்னிக்கும் கல்வெட்டுல அவரு பேரு கீது" என்றேன்.

பாயசம் குடித்ததும் நான் மறந்துவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் கலா போன் பண்ணினாள். "நைனா, நீ வுட்ட கதை இங்க தெரு முழுக்க கீது. அத்தை என்னை எல்லார்கிட்டயும் கல்வெட்டு வூட்டுப் பொண்ணுன்னுதான் சொல்றாங்க. காய்க்காரரு எனக்கு மட்டும் நாலு பச்சமொளகா சேத்துப் போடறாரு. இப்ப அதை நேர்ல பாக்கணும்னு கெளம்பி வராங்க. பேரு இல்லன்னு தெரிஞ்சா நான் இந்தத் தெருவுல எப்டி நடப்பேன்?"

"நான் பாத்துக்கறேம்மா."

"நீ பாத்துக்கினதாலதான் இந்தப் பேஜாரு" என்று வைத்துவிட்டாள்.

வந்தார்கள். குளித்து, இட்லி வடகறி நாஷ்டாவை முடித்து, இலையை மடித்த கையோடு சம்பந்தி சொன்னார்: "நேரா கல்வெட்டுக்குப் போயிருவோம், சம்பந்தி."

"கல்லு எங்கயும் ஓடிராது. காஞ்சிபுரம் போவோம். கோயில் பாக்கணும், பட்டுச் சேலை பாக்கணும்" என்றார் சம்பந்தியம்மா.

கடவுளே கொடுத்த வழி. "எதுக்கு வழக்கு? எங்க ஊரு முறைப்படி குடவோலை போட்டுப் பாத்துடலாம்" என்றேன்.

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "ரத்தத்துல வருதுல்லா" என்றார்.

மூன்று சீட்டு. உத்திரமேரூர், காஞ்சிபுரம், வேடந்தாங்கல் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். சொன்னது மூன்று ஊர், எழுதினது ஒரே ஊர். பித்தளைக் குடத்தில் போட்டுக் குலுக்கினேன். சம்பந்தியம்மா கையை விட்டு எடுத்தார். காஞ்சிபுரம். மிச்ச இரண்டையும் பணிவாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற பாஷா பாய்தான் கார் ஓட்டினார். "பெரீவரே, மத்தியானம் கோயில் நடை சாத்திடுவாங்க. நேரா வுட்டுடவா?" என்றார்.

"வாலாஜாபாத் சுத்திக்கினு போ பாய்." என் கணக்கு எளிது. ரயில் நேரம் வரைக்கும் இவர்களை ரோட்டிலேயே வைத்திருந்தால் கல்வெட்டு தப்பித்தது, கலாவும் தப்பித்தாள்.

காவாந்தண்டலத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு வருஷம் இங்கே மாடு கிடைக்காமல் இரண்டு வயல் நண்டைப் பூட்டி ஏர் ஓட்டின விவரத்தைச் சொன்னேன். சம்பந்தி சுற்றும் முற்றும் பார்த்தார். "போர்டு ஒண்ணும் காணுமே."

அது ஒன்றுதான் அவரிடம் கஷ்டம். காலமெல்லாம் விலாசம் படித்த கண். எழுதியிருந்தால்தான் நம்பும். சுவரில் ஒட்டின மூலம் பௌத்திர நோட்டீஸைக்கூட போன் நம்பர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் நகர்வார்.

வாலாஜாபாத்தில் இரண்டு டீ, ஒரு ரைஸ் மில். அப்புறம் ராஜகுளம். "ராஜா குளிச்ச எடம் இது" என்றேன்.

"எந்த ராஜா?"

"பேரு சொல்லாம குளிச்சிட்டுப் போயிட்டாரு, சம்பந்தி."

பாஷா பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் பெரிய கோயில் வாசலில் நாங்கள் இறங்கவும், அவர்கள் கதவைச் சாத்தவும் சரியாக இருந்தது. "இனிமே நாலு மணிக்குத்தான்" என்றார் பூக்கார அம்மா. சம்பந்தியம்மா செருப்பை விட்டாயிற்று, பூவும் வாங்கியாயிற்று. சித்திரை வெயிலில் கருங்கல் தரையில் அவர் காலை மாற்றி மாற்றி வைத்த வேகத்தில் ஒரு கும்மியே ஆடிவிட்டார்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. பையிலிருந்து கர்ச்சீப்பை இழுத்தேன். கூடவே இரண்டு சீட்டும் வந்து விழுந்தன.

கீழே கிடக்கிற காகிதத்தைப் போஸ்ட்மாஸ்டர் விடுவாரா? எடுத்தார். பிரித்தார். ஒன்றைப் படித்தார். இன்னொன்றையும் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, எல்லாக் கடுதாசிக்கும் ஒரே விலாசம் போட்டிருக்கீங்க?"

"கள்ள ஓட்டா, பெரீவரே?" என்றார் பாஷா பாய். கூட வந்தவன் செய்கிற உதவி.

சம்பந்தி சீட்டுகளை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "தேர்தல் செல்லாது. வண்டிய உத்திரமேரூருக்குத் திருப்புங்க, பாய்."

"அப்ப என் சேலை?" என்றார் சம்பந்தியம்மா.

"கள்ள ஓட்டுப் போட்டவரு அனுப்பி வைப்பாரு."

திரும்பும் வழி முழுக்க எனக்குக் கலாவின் நினைப்புதான். பச்சைமிளகாய் போனால் போகிறது. அந்தத் தெருவில் என் பெண் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி, காலில் விழுந்து, பழி என்னோடு போகட்டும், பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த வயதில் எனக்கு அது புதுப் பழக்கம்.

மண்டபத்து வாசலில் விவரப் பலகை. சம்பந்தி எழுத்தெழுத்தாகப் படித்தார். "சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும்னுல்லா போட்டிருக்கு. உங்க பாட்டனாருக்கு வேதம் தெரியுமோ?"

"ஏரியில எத்தினி முழம் தண்ணின்னு தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. மனைவியை பாஷா பாயோடு இளநீர் குடிக்க அனுப்பினார். என் தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேலிருந்து கீழ் வரை எழுத்து. அந்தக் காலத்து எழுத்து. எனக்கு அதுவும் ஒன்று, எறும்பு ஊர்ந்த தடமும் ஒன்று.

"சம்பந்தி, பந்தியில நான் சொன்னது வந்து..."

"பேசாதீங்க" என்றார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பேரன் காதுகுத்துப் பத்திரிகை அச்சடிச்சாச்சு. 'உத்திரமேரூர் கல்வெட்டுப் புகழ் ஏரிகாத்தான் வழிவந்த'ன்னு முதல் வரியிலயே போட்டிருக்கேன். தெரு முழுக்கக் குடுத்தாச்சு. பென்ஷன்காரங்க சங்கத்துல ரெண்டு தடவை பேசியாச்சு. போட்டோ எங்கன்னு கேக்காங்க."

நானும் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன். எங்க தாத்தாவுக்கு நீச்சலே தெரியாது."

"அப்ப கல்லுல பேரு..."

"பேரு இருக்கா இல்லையான்னு நான் கேக்கலை, சம்பந்தி. எந்த வரின்னு கேக்கேன்."

இத்தனை வருஷத்தில் எனக்குச் சமமான ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். முட்டி மடங்காததால் கீழ் வரிகளைத் தள்ளிவிட்டு, நெஞ்சு உயரத்தில் எழுத்து நன்றாக ஆழமாக விழுந்த ஒரு வரியில் விரலை வைத்தேன். "இதான்."

மூலையில் உட்கார்ந்து ஒரு காலேஜ் பொண்ணு அந்த எழுத்துகளை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. சம்பந்தி அதனிடம் போனைக் கொடுத்தார். நான் விரலை வைத்திருக்க, அவர் பக்கத்தில் கை கட்டி நிற்க, படம் எடுத்தாயிற்று. எடுக்கும்போதே அந்தப் பொண்ணு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

அவர்களை பாஷா பாயோடு ரயிலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கேட்டேன். "இன்னாம்மா சிரிப்பு?"

"தாத்தா, அந்த வரி யார் யார் பேரைக் குடத்துல போடக் கூடாதுன்னு சொல்ற பட்டியல். தப்பு பண்ணவனை மட்டுமில்லை, அவன் மச்சான், அவன் மகளைக் கட்டின மருமகன், எல்லாரையும் ஒதுக்கி வைக்கச் சொல்லுது."

நேற்று கலா பேசினாள். படத்தைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்களாம். மருமகப்பிள்ளை தினமும் அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறாராம். பச்சைமிளகாயோடு இப்போது கறிவேப்பிலையும் வருகிறதாம்.

பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், திருநெல்வேலிப் பக்கம் போகும்போது அந்த வீட்டு ஹாலில் நிமிர்ந்து பார்க்காமல் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள். பார்த்துத் தொலைத்தால், உத்திரமேரூரில் எந்தக் கிழவனையும் உங்களுக்குத் தெரியாது.