சல்லடை சாரும் என் கல்யாணப் பேச்சும்

பேசத் தெரிந்தவன் வாத்தியாராகக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருந்தால், அதை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே மனிதர் எங்கள் சல்லடை சார்தான்.

போடி பஜாரில் ஒரு ஏலக்காய் மண்டிக்கு மேல் மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். மொத்தம் மூன்று கம்ப்யூட்டர். அதில் ஒன்று அவர் குடை மாட்டுவதற்கு. டிகிரியை முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாங்கள், தலையெழுத்தே என்று அங்கே ப்ரோக்ராமிங் படிக்கப் போனோம்.

முதல் பாடம் ஃபங்ஷன். "ஒருக்கா எழுது. பேரு வையி. வேணுங்கிறப்போ பேரச் சொல்லிக் கூப்புடு. அம்புட்டுதேன்." அதோடு பாடம் முடிந்தது. புரியலை சார், இன்னொரு தடவை சொல்லுங்க என்றால் மனுசனுக்கு மூக்கு விடைக்கும். "ஒரே சங்கதிய ரெண்டு தடவ எழுதுறவன் ப்ரோக்ராமரும் இல்ல, ரெண்டு தடவ கேக்குறவன் ஸ்டூடண்டும் இல்ல!"

இந்தக் கிறுக்கு வகுப்போடு நின்றதா? கீழே டீக்கடையில் சீனி கம்மி, ஆடை கூடாது, டிகாக்ஷன் தூக்கல் என்று மாஸ்டரிடம் ஒரே ஒரு நாள் சொன்னார். அதற்கு 'மாடி டீ' என்று பேரும் வைத்தார். பிறகு தினமும் "மாடி டீ!" என்று ஒரு குரல்தான். மாஸ்டர் லீவு போட்ட அன்று, புது ஆள் "அதென்னண்ணே மாடி டீ?" என்று கேட்டுத் தொலைத்தார். விளக்கிச் சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? டீ குடிக்காமலே மேலே வந்து, "எழுதாத ஃபங்ஷனக் கூப்புட்டா இந்தக் கதிதேன்" என்று எங்கள்மேல் எரிந்து விழுந்தார்.

அடுத்த பாடம் இஃப், எல்ஸ், அதாவது இப்படியிருந்தால் இது, இல்லாவிட்டால் அது. மண்டியிலிருந்து ஏலக்காய் சலிக்கிற சல்லடைகளையே தூக்கி வந்துவிட்டார். பெரிய கண் சல்லடையில் தங்கினால் முதல் ரகம். விழுந்தால் கீழே சின்னக் கண் சல்லடை, அதில் தங்கினால் ரெண்டாம் ரகம். "இம்புட்டுத்தேன் இஃப், எல்ஸ்." கிளாஸ் பூராவும் தூசி பறந்து, நாங்கள் தும்மிச் செத்தோம். பட்டப்பேர் அன்றைக்கு வந்ததுதான்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூ வந்தது. எங்கப்பாவும் ஏலக்காய் வியாபாரிதான். "வரன் வந்தா கல்யாணம். வராட்டித்தேன் வேலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வகுப்பில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி அழுதேன். சார் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னாரா? சல்லடைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று.

"வாங்க சார், காப்பி சாப்புடுறீகளா?" என்றார் அப்பா. சார் சின்னக் கண் சல்லடையை மேலேயும், பெரிய கண்ணைக் கீழேயும் அடுக்கினார். ஓரத்திலிருந்த சாக்கிலிருந்து காயை அள்ளிப் போட்டுச் சலித்தார். காய் அத்தனையும் மேலேயே தங்கிவிட்டது.

அப்பா பதறி எழுந்தார். "அய்யய்ய, என்ன சார் இது கூத்து! சின்னக் கண்ண மேல வச்சா எல்லாக் காயும் அங்கனயேல்ல நிக்கும்? கீழ என்னத்த வரும்? பெரிய கண்ணுல்ல மேல இருக்கணும்!"

"வரன் தெனம் ஒண்ணு வரும்ணே. அத மொதல்ல வச்சா வேலை எப்பிடிக் கீழ எறங்கும்?"

அவ்வளவுதான். கிளம்பிவிட்டார், காயைத் தரையில் கொட்டிவிட்டு, சல்லடைகளை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.

தரையில் சிதறிக் கிடந்த காயை அப்பா குனிந்து சாக்கில் அள்ளிப் போட்டார். "இன்டர்வியூவுக்குப் போயிட்டு வா ஆத்தா. வரனப் பெறகு சலிப்போம்" என்றார்.

வேலை கிடைத்ததும் சாருக்குத்தான் முதலில் போன் போட்டேன். ஒரு தடவைக்கு மேல் சொன்னால் கடிப்பாரே என்று ஒரே மூச்சில் சொன்னேன். "சார், செலக்ட் ஆயிட்டேன்."





"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்கா."