கல்லென்று சான்றளிக்கப்பட்ட மண்

ராயபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த நங்கூரத் தெருவில், ரேஷன் கடைக் கிருஷ்ணாயில் வரிசைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சட்டசபையும் இயற்றாததால் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வரிசையில் ஒரு கல்லை வைத்தால் அது ஆள். வைத்தவர் டீ குடிக்கலாம், தூங்கலாம், யாரோடாவது சண்டை போட்டுவிட்டும் வரலாம். கல் நிற்கும்வரை அவரும் நிற்கிறார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அம்புரோஸ் அன்றைக்கு ஒரு புதுக் கல்லை வைத்தார். அவர் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், கடலரிப்பைத் தடுக்க அரசாங்கம் லாரி லாரியாகப் பாறை கொட்டிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பொறுக்கிய கல். வாட்டசாட்டமாக, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடி, நடுநடுவே காக்காப்பொன் மினுக்கியது. ரஷீது கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் கல்லைக் காணோம். யாரோ குடம் அலம்பிக் கொட்டிய தண்ணீரில், அது இருந்த இடத்தில் குழகுழவென்று ஒரு உருண்டை.

"அங்கம்மா, எங்கே என் கல்லு?"

"தோ கீதே," என்று பின்னால் நின்ற அங்கம்மா கால் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினாள். "கல்லு இருந்தா ஆளு. மண்ணுக்கு இன்னா மரியாதி? போய் கடைசில நில்லு நைனா."

இடம் போனதில் அம்புரோசுக்கு வருத்தம்தான். கடைசியில் போய் நின்ற பிறகுதான் பெரிய வருத்தம் வந்தது. ஒரு குடம் தண்ணீருக்குத் தாங்காத இந்தக் கல்லைத்தான் வங்காள விரிகுடாவுக்கு எதிராக நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது ஐரீனின் அடுப்படி. ஐரீன் அவர் மனைவி.

இன்னொரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, தெருக்கோடியில் கடலோரமாக இருந்த கரைக்காப்புக் கற்கள் நுண்ணாய்வுப் பிரிவுக்குப் போனார். பிரிவின் தலைவர் மனோகரன், சீமையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். கிருதா தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. பெல்பாட்டம் நடக்க நடக்கக் கடற்கரையைப் பெருக்கியது. அவர் வந்தபோது கூடவே ஒரு நுண்ணோக்கியும் வந்தது. அன்று முதல் அந்த அலுவலகத்தில் வெறுங்கண்ணால் பார்ப்பது அநாகரிகம். காப்பியில் ஈ விழுந்தால்கூட ஆய்வறிக்கை வரும்வரை காத்திருந்தார்கள்.

அம்புரோஸ் கல்லை மேசையில் வைத்தார். அது இரண்டாகப் பிளந்து, பொலபொலவென்று உதிர்ந்து, கோப்புகள்மேல் கொட்டியது.

"சார், இது கல்லு இல்லே. மண்ணு."

"அது வெறுங்கண்ணின் கருத்து," என்றார் மனோகரன். "தங்கள் முறையீடு உரிய பரிவுடன் பரிசீலிக்கப்படும்."

பரிசீலித்தார்கள். உதிர்ந்ததில் ஒரு கட்டியை எடுத்துப் பிசினில் ஊறவைத்து, காயவைத்து, சீவி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினார்கள். மீந்த துண்டை மனோகரன் மேசையில் தட்டிக் காட்டினார். டங்கென்றது.

"எவ்வளவு உறுதி, கேட்டீர்களா?"

"பிசினு ஊத்தினா கெட்டியாத்தானே ஆவும், சார்?"

"ஊற்றாவிட்டால் உதிர்ந்துவிடுமே! எப்படி ஆராய்வது?"

"அதத்தானே நானும் சொல்றேன்."

"ஆராய முடியாத நிலையில் உள்ள பொருளைப் பற்றி அரசு கருத்துச் சொல்வதில்லை. பாருங்கள்."

அம்புரோஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாதா கோயில் கண்ணாடிச் சன்னலில் காலை வெயில் விழுந்தது போல மஞ்சளும் நீலமும் ஊதாவும்.

"மின்னுவது குவார்ட்ஸ் மணி," என்று காதருகே மனோகரனின் குரல் கேட்டது. "பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரிவது ஒரு காலத்தில் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம். இப்போது முழுக்கக் களிமண். ஆனாலும் பழைய கட்டத்தைவிட்டு இம்மி நகரவில்லை. காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரிந்து உப்பிவிட்டது. அதுவும் தன் இடத்திலேயே இருக்கிறது. உள்ளே எல்லாம் மக்கிவிட்டது. வரிசை மட்டும் கலையவில்லை."

"மக்கிப்போச்சுன்னா..."

"வரிசை கலையாதவரை அது பாறைதான். எங்கள் துறையே அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது."

பியூன் வேலப்பன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். 'இது பாறையே. திருவாளர் அம்புரோஸ், பொதுமக்கள் பிரதிநிதி' என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினார்கள். ஏய், யோவ், கிரேனு என்ற பெயர்களில் மட்டுமே அதுவரை அழைக்கப்பட்டிருந்த அம்புரோஸ், தன் பெயருக்கு முன்னால் இருந்த 'திருவாளர்' மேல் விரலை வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"கல்லுதான்," என்றார் வீட்டுக்கு வந்து. "நானே பாத்துட்டேன்."

"கையில எடுத்து நசுக்கிப் பாத்தியா?" என்றாள் ஐரீன்.

"அதெல்லாம் பழைய பேஷன்."

ஐப்பசியில் புயல் வந்தது. கடலிடம் நுண்ணோக்கி இல்லை. பாறைச் சுவர் ஒரே மத்தியானத்தில் டீயில் போட்ட பிஸ்கோத்து மாதிரி ஊறிக் கரைந்தது. அலைகூட டீ நிறமாகத்தான் திரும்பிப் போனது. அதன் பின்னாலேயே அடுப்படி போனது, அம்மி போனது, சாயங்காலத்துக்குள் கூடமும் போனது. தெருவில் இன்னும் பல வீடுகளுக்கும் அதே கதி. ஐரீன் ஸ்டவ்வையும் இருதய ஆண்டவர் படத்தையும் தூக்கிக்கொண்டு காலடிப்பேட்டையில் தங்கை ஃப்ளோரா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இன்னா மாமு," என்றார் ரஷீது, "கடலு உன் கையெழுத்தைப் படிக்கலியா?"

அம்புரோஸ் நனைந்த சட்டையோடு நுண்ணாய்வுப் பிரிவில் போய் நின்றார். "வூடு பூட்ச்சு சார். எதுனா நிவாரணம் குடுங்க."

"பாறைச் சுவர் உள்ள இடத்தில் கடலரிப்பு நிகழ முடியாது," என்றார் மனோகரன். "பாறை என்று தாங்களே சான்றளித்திருக்கிறீர்கள்."

"அந்தச் சுவரும் பூட்ச்சு சார்."

"பதற வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு சிறு மாதிரி கொண்டுவாருங்கள்."

அம்புரோஸ் இடிபாட்டில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பிசின், சீவல், கண்ணாடி. மனோகரன் வெகுநேரம் பார்த்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"செங்கல், சுண்ணாம்பு, மணல். எல்லாம் அதனதன் இடத்தில். வரிசை கலையவில்லை. தங்கள் வீடு இடியவில்லை. வாழ்த்துகள்."

முத்திரை குத்திக் கொடுத்தார்.

"அப்போ நான் எங்க சமைக்கிறது, அந்தக் கண்ணாடி மேலயா?" என்று, விஷயம் கேட்டு ஸ்டவ்வும் கையுமாக இடிபாட்டுக்கு வந்த ஐரீன் கத்தினாள். சான்றிதழை ஸ்டவ்வில் வைக்கப் போனாள். நல்லவேளை, அதற்குள் ரேஷன் அதிகாரி வந்துவிட்டார். வீடு இல்லாதவர்களின் கார்டை ரத்து செய்ய உத்தரவு. அம்புரோஸ் சான்றிதழை நீட்டினார். அதிகாரி இரண்டு முறை படித்தார். கடலைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் நங்கூரத் தெருவே நுண்ணாய்வுப் பிரிவின் வாசலில் நின்றது, வீட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு. மாதிரிகள் வரிசைப்படியே பெறப்படும் என்று மனோகரன் பலகை மாட்டினார். வரிசை என்றால் கல் வேண்டும். அக்கம்பக்கத்தில் கிடைத்தது, கடல் மிச்சம் வைத்திருந்த அந்தக் கற்கள்தான். ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

தூறல் போட்டது. திரும்பி வந்தபோது கல் ஒன்றுகூட இல்லை. ஒரே கோட்டில் குழைந்த உருண்டைகள். முதல் உருண்டை அங்கம்மாவுடையது. அதைத் தாண்டி ரஷீது முன்னால் போய் நின்றார்.

"உன் கல்லு எங்கக்கா? மண்ணுதானே கீது?"

அங்கம்மாவின் முகம் செத்துவிட்டது. "நைனா," என்று அம்புரோசிடம் திரும்பினாள், "பெரிய ஆபீசருகூட உக்காந்தவன் நீ. நீதான் சொல்லணும்."

அம்புரோஸ் குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சேற்றை வெகுநேரம் பார்த்தார்.

"கல்லுதான்," என்றார். "வரிசை கலையலே."

ரஷீது யோசித்தார். அவர் வைத்ததும் கரைந்துதான் போயிருந்தது. போய்த் தன் சேற்றுக்குப் பின்னால் நின்றார். எல்லோரும் அவரவர் சேற்றுக்குப் பின்னால் நின்றார்கள்.

அப்போது ஒரு பெரிய அலை வந்து, நுண்ணாய்வுப் பிரிவின் பின்பக்கச் சுவரை அப்படியே வாரிக்கொண்டு போனது. முழங்கால் அளவு தண்ணீர். யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. சற்று நேரத்தில் மனோகரன் பெல்பாட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பலகையை ஒருமுறை படித்துவிட்டு, நடந்து போய்க் கடைசியில் நின்றார்.

முன்னாலிருந்து அங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"சார், கல்லு வெச்சியா?"