தூக்குக்குண்டார் கட்டிய சாய்ந்த சுவர்

எங்கள் சுவருக்குச் சோதனை வந்த அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் வெள்ளாடு, கொட்டுகிற ஐப்பசி மழை, அப்புறம் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தூக்குக்குண்டார். திண்டுக்கல் வட்டாரத்தில் கோணலாக நிற்கிற எதையும் சும்மா விடாத ஒரே மனுஷன் அவர்தான்.

நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. செம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டும் நூலும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். டீக்கடைக்குப் போனால் முதலில் கடைத் தூணுக்கு நூல் பிடிப்பார், பிறகுதான் டீ. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கே பிடித்துப் பார்த்து, "அரை இஞ்சு பொண்ணு பக்கம் சாயுறாரு, நல்லா வாழ்வாரு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

எங்கள் வீடு ரெட்டியார்சத்திரம் பக்கம், ஓடைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. மழைக்கு மழை மண் சரிந்து, அடுப்படிக்கும் ஓடைக்கும் நடுவே மூன்றடிதான் மிச்சம். மேகம் கறுத்தாலே தீப்பெட்டியைத் தேடுவேன். அந்தோணியாருக்கு நான் ஏற்றிய மெழுகுவத்திக்கு அளவில்லை.

தூக்குக்குண்டார் வந்து கருங்கல்லில் தடுப்புச் சுவர் எழுப்பினார். பார்த்தால், சுவர் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது! ஊருக்கெல்லாம் நூல் பிடிக்கிறவர், எங்களுக்கு மட்டும் இப்படியா?

"அண்ணே, சாஞ்சிருக்கேண்ணே!"

"மண்ணு தள்ளும் தாயி. அது தள்ளுறதுக்கு முந்தி நாம அது மேல சாஞ்சுக்கணும்."

"அடியில எதுக்குண்ணே ஆறு பைப்பு?"

"தண்ணி வெளிய போக."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் புரியாததை எல்லாம் ஒன்பதாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள் என்று நம்புகிறவள். ஆனால் ஓட்டை என்றால் பாம்பு. அதற்குப் படிப்பு வேண்டாம். அவர் மொபெட் தெருவைத் தாண்டியதும், ஆறு பைப்பிலும் பழைய சேலையைக் கிழித்துத் திணித்து, மிச்ச சிமெண்டைப் பூசிவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

கடைசிக் கூலியை அவர் வாங்கவில்லை. அது அவர் வழக்கம். "சுவரு ஒரு மழை நனையட்டும். நின்னா வாங்கிக்கிறேன்."

மழை வந்தது. கூப்பிடாமலே அவரும் வந்தார். நூலைத் தொங்கவிட்டவர் முகம் மாறியது.

"ஏலே அப்பு, சுவரு நிமிந்திருக்கே!"

"நேரானா நல்லதுதானேண்ணே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நல்லதா? இன்னும் செத்த நேரத்துல உன் அடுப்படி நேரா ஓடைக்குத்தான் போகும். வெளிய போக வழியில்லாம தண்ணி சுவரைத் தள்ளுதய்யா! பைப்பு எங்க?"

நான் அழுதுகொண்டே சேலைக் கதையைச் சொன்னேன். அவர் தலைச் சாக்கை உதறி எறிந்தார். கடப்பாரையோடு ஓடைக்குள் இறங்கினார். சுவர் விழுந்தால் முதலில் அவர் மேல்தான். "வேண்டாம்ணே, மேல வாங்க!" என்று கத்தினேன். ஆடும் கத்தியது. ஒவ்வொன்றாக ஐந்தைக் குத்தித் திறந்தார். ஆறாவதைக் குத்தினதும் சேற்றுத் தண்ணீரும் சேலைத் துண்டும் பீறிட்டு அவர் முகத்தில் அப்பின.

துண்டை எடுத்துப் பிழிந்து பார்த்தார். "நல்ல சேலை தாயி. சாயம் போகல."

சுவர் நின்றது. அடுப்படியும் நின்றது. கூலியை நீட்டினேன்.

"இந்த மழை கணக்குல சேராது. பாதி நேரம் நீ பைப்பை அடச்சு வச்சிருந்த. அடுத்த மழை பாப்போம்."

அடுத்த மழைக்கு, "இது தூறல்" என்றார். அதற்கடுத்த மழைக்கு, "இது காத்து" என்றார். ஒவ்வொரு மழைக்கும் வருகிறார், நூல் பிடிக்கிறார், டீ குடிக்கிறார், போகிறார்.

மேகம் கறுத்தால் இப்போதும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றத்தான் செய்கிறேன். கூடவே அந்த அடுப்படிக்குப் போய் டீக்குப் பாலும் வைக்கிறேன். அவருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது, ஆயிரத்து இருநூறு ரூபாய்.