கேரண்டி அண்ணனின் கங்கோங் எஞ்சின்

தோல்வியே தெரியாத மனிதர் என்று என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரிடம் தோல்வி வராமல் இல்லை. ஏறக்குறைய தினமும் வந்தது. வாசலில் நின்று கூப்பிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, காப்பிகூடக் குடித்துவிட்டுப் போனது. வந்தது யார் என்றுதான் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மம்பாவில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது. அதற்கு முந்தைய வீடு என்னுடையது. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடையாள அட்டையில் ஏதாவது ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. எதைப் பற்றிப் பேசினாலும் “கேரண்டி லா” என்று முடிப்பார், அதனால் ஊருக்கே கேரண்டி அண்ணன். நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். என்னை அவர் ‘கிராணி’ என்பார். அதற்கு மேல் என் பெயரைத் தெரிந்துகொள்ள அவரும் மெனக்கெடவில்லை.

பஸ் ஓட்டிய காலத்தில் ஒருநாள், சாலையில் வண்டிகள் நகராமல் நிற்க, “இந்தப் பக்கம் போனா ஜேமே இல்ல, கேரண்டி” என்று பிள்ளைகளோடு பஸ்ஸைச் செம்பனைத் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டார். பஸ் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னவென்று கேட்டார்.

“ஜேம் இருந்துச்சா சார்? நீங்களே பிள்ளைங்கள கேளுங்க. ஒரு காடி கூட இல்ல!” என்றார் அண்ணன், பெருமையாக.

என் வீட்டுச் சுவர் காற்றாடியையும் அவர்தான் பழுது பார்த்தார். முடித்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால், காற்று முன்னால் வராமல் பின்னால் சுவரைப் பார்த்து அடித்தது. ஒரு கணம் அதை உற்றுப் பார்த்தார். “இதுதான்லா நல்லது, கிராணி. நேரா வந்தா சளி புடிக்கும். சுவத்துல பட்டு வர்ற காத்து சுத்தமான காத்து.” மாதக்கணக்கில் எங்கள் சுவர் மட்டும் ஜில்லென்று இருந்தது.

இப்படிப்பட்டவரின் கையில்தான் பாக்கியம் அக்காவின் மீன்கள் மாட்டிக்கொண்டன.

பாக்கியம் அக்கா அவர் மனைவி. இவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஜொகூருக்குப் போகும்போது தன் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த கொய் மீன்களையும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத பெண், இருந்ததிலேயே பெரிய ஆரஞ்சு மீனுக்குக் ‘குட்டித்தம்பி’ என்று பெயர் வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, “அம்மா, சாப்டியா?” என்று கேட்பதற்கு முன்னால், “குட்டித்தம்பி சாப்டானா?” என்று கேட்பாள். அக்கா தொலைபேசியைத் தொட்டிக்கு நேராகப் பிடிப்பார். மகள் போன வீட்டில் அந்த மீன்களைச் சுற்றித்தான் பேச்சு இருந்தது.

மீன்கள் வளர்ந்தன, தொட்டி வளரவில்லை. “பின்னால குளம் வெட்டிப்புடலாம், கேரண்டி” என்று அண்ணன் மண்வெட்டியைத் தூக்கினார். குளம் நன்றாகத்தான் வந்தது. தண்ணீர்தான் கொஞ்ச நாளில் பச்சையாகி, பிறகு நாற ஆரம்பித்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒருநாள் காலையில் ஒரு மீன் செத்து மிதந்தது. அன்று சாயங்காலம் அக்கா மகளிடம் குளத்தைக் காட்டவில்லை. வெளிச்சம் பத்தலை என்று சொல்லிவிட்டார்.

பிறகு வேலி ஓரத்தில் நின்று, எனக்கும் கேட்கும்படி கணவரிடம் சொன்னார்: “தீவாளி வரைக்கும்தாங்க பாப்பேன். தண்ணி தெளியலன்னா, சுவாவுல மீன் பண்ணை வச்சிருக்க சீனத் தவுக்கேகிட்ட எல்லாத்தையும் குடுத்துடுவேன். எங்கியாச்சும் உசுரோட இருக்கட்டும். குழிய நீங்களே மண்ணு போட்டு மூடிக்குங்க.”

“மூடுறதா? தீவாளிக்கு அந்தத் தண்ணியில நீ மூஞ்சி பாத்துப் பொட்டு வைக்கலாம். கேரண்டி!”

அன்றிலிருந்து அண்ணன் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சரளைப் பாத்தி கட்டும் படம் ஒன்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். “பேச்சு எதுக்கு கிராணி? கையப் பாரு, கை பேசுது.” கை பேசியதை எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். குளத்து அழுக்குத் தண்ணீரைப் பம்பு இழுத்து, ஓட்டை போட்ட குழாய் வழியாகப் பாத்தியின் அடியில் விடும். தண்ணீர் சரளைக்கற்களுக்கு நடுவே மெதுவாக மேலே ஏறும். மேலே நட்டிருக்கும் செடிகளின் வேர்கள் அழுக்கைத் தின்றுவிடும். சுத்தமான தண்ணீர் வழிந்து குளத்திலேயே விழும். உண்மையிலேயே நல்ல யோசனை. எனக்கே வியப்பாக இருந்தது.

பின்சந்தை ஒட்டிய கம்பிவேலி ஓரமாகச் செங்கல் வைத்துப் பாத்தி கட்டினார். குழாயில் ஓட்டை போட்டார், சரளை கொட்டினார். கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளைக்காரனின் கை பேசியதை அவர் நம்பவில்லை. “மண்ணே போடாம செடி நடுறான்லா அவன். அவனுக்குத் தோட்டத்து வேல தெரியல.” நல்ல செம்மண்ணாகப் பார்த்து ஒரு லோரியில் இறக்கி, சரளை மேல் பரப்பி, பம்பை முடுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்க, கடையில் தூக்கி ஆற்றித் தரும் பால் தேநீர் போல, தே தாரே ஆகிவிட்டது. மேலே நுரைகூட இருந்தது. பாக்கியம் அக்கா மீன்களை வாளி வாளியாக அள்ளி என் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் விட்டார். நாங்கள் குட்டித்தம்பியோடு குளித்தோம்.

“இது ஒத்திகைதான் லா,” என்றார் அண்ணன்.

மண்ணையெல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, சரளையில் வெறும் கங்கோங் தண்டுகளைச் செருகினார். வயல் வரப்பில், சாக்கடையில், எங்கே தண்ணீர் இருந்தாலும் முளைக்கும் கீரை. மீன் கழிவு தின்று அது வளர்ந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சீக்கிரமே வேலியைப் பிடித்து ஏறி, கம்பி இடைவெளிகளில் தலையை நீட்டிப் பின்சந்தை எட்டிப் பார்த்தது. செம்மண் கலங்கல் அடங்கியதும் மீன்கள் குளம் திரும்பின.

எதிர் வீட்டு மேரி அக்காதான் முதலில் கேட்டார். “அண்ணே, நல்லா கொழுகொழுன்னு இருக்கு. ஒரு பிடி அறுத்துக்கட்டா? எறா பிளாச்சான் போட்டுப் பெரட்டுனா அருமையா இருக்கும்.”

அண்ணன் அதிர்ந்து போனார். “அறுக்கிறதா? அது எஞ்சின்மா! ஓடுற எஞ்சின்ல யாராச்சும் கைய வைப்பாங்களா?”

எஞ்சின் ஓடியது. ஆனால் தண்ணீர் தெளியவில்லை. கங்கோங் முற்றிக் கொடியாகி, கீழ்த் தண்டுகள் மஞ்சளாகி அழுகி, பாத்தியே ஒரு புதராகிவிட்டது. ஆயுத பூசையன்று பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டினார். பம்பு மகிழ்ந்திருக்கும். குளம் பச்சையாகவே இருந்தது. மீன்கள் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தன. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா சத்தமில்லாமல் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதைப் பார்த்தேன்.

அப்போது நடந்துகொண்டிருந்தது புரட்டாசி மாதம். எங்கள் தாமான் குடியிருப்பில் புரட்டாசி என்றால் கோழிகள் நிம்மதியாகத் தூங்கும். வீட்டுக்கு வீடு சைவம். கத்தரிக்காயும் பருப்பும் தின்று தின்று பெண்களுக்கே அலுத்துப்போயிருந்த அந்த நேரத்தில், கேரண்டி அண்ணனும் அக்காவும் மகளைப் பார்க்க ஜொகூருக்குப் போனார்கள். மறுநாள் காலையில் பின்சந்தில் ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். வரிசையிலிருந்த அத்தனை பெண்களும் கம்பிவேலிக்குள் கையை விட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றது மேரி அக்கா.

“அக்கா, ஒங்களுக்கு ஏது புரட்டாசி? நீங்க வேதக்காரவங்கல்ல?” என்று கேட்டேன்.

“இல்லதான் தம்பி. ஆனா சுத்தி எல்லாரும் கீரை ஆக்கும்போது நாங்க மட்டும் கோழி பொரிச்சா வாசம் போவும்ல? பாவம்லா அவங்க.” சொல்லிக்கொண்டே இரண்டாவது கட்டைக் கட்டினார். அவருக்குப் பக்கத்தில் முக்காட்டை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு அறுத்தது என் மனைவி.

அண்ணன் திரும்பி வந்தபோது பாத்தியில் சரளையும் குட்டைக் குட்டைத் தண்டுகளும்தான் இருந்தன. பின்சந்தின் நடுவில் நின்று அவர் போட்ட சத்தம் பக்கத்து ஊரான ரசா வரை கேட்டிருக்கும்.

“யாருலா என் எஞ்சின்ல கைய வெச்சது? போலீஸ்ல குடுப்பேன், கேரண்டி!”

எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் சாத்திக்கொண்டன. உள்ளே எல்லாருமே கங்கோங் பிரட்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் அதிசயம். வெட்டிய தண்டுகளில் பொலபொலவென்று துளிர் வந்தது. துளிர் வரவர, தண்ணீரின் பச்சை வெளுத்தது. தீபாவளிக்கு முன்பே குளத்தின் அடித்தரை தெரிந்தது. அக்கா தொலைபேசியைக் குளத்துக்கு நேராகப் பிடிக்க, ஜொகூரிலிருந்து மகள் கத்தினாள்: “ஐயோ, குட்டித்தம்பி எவ்ளோ பெருசாயிட்டான்!” அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஷயம் எளிது. துளிர்தான் அழுக்கைத் தின்கிறது. அறுக்காமல் விட்டால் முற்றி அழுகி, தின்றதையெல்லாம் குளத்திலேயே கக்கிவிடும். திருட்டுதான் அந்த எஞ்சினுக்குப் பெட்ரோல்.

“சொன்னேன்ல?” என்றார் அண்ணன். அவ்வளவுதான். வேறு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு ஞாயிறு காலையில் நான் பல் துலக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, அவர் வேலித் தூணின் மேல் ஒரு சின்னக் கத்தியையும் ஒரு பிடி ரப்பர் வளையங்களையும் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சந்துப் பக்கம் போய், எட்டாதவர்கள் ஏறி நிற்க வாகாக ஒரு பிளாஸ்டிக் முக்காலியையும் போட்டார். திரும்பினால் நான் நிற்கிறேன்.

“கத்தி துருப்புடிக்குதுல்ல, வெயில்ல காயப் போட்டேன்,” என்றார்.

“ரப்பர் வளையமுமா அண்ணே?”

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பெண்கள் வந்தார்கள், அறுத்தார்கள், கட்டினார்கள், போனார்கள். அதன் பிறகு அவர் வெளியே வந்து, தொண்டை கிழிய, “யாருலா என் எஞ்சின்ல கைய வெச்சது?” என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எங்கள் சனம் கூச்சப்படும், ஒரு தடவையோடு நின்றுவிடும். திட்டு வாங்கிக்கொண்டு எடுத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. அவர் பார்க்காத மாதிரி இருப்பதும், அவர்கள் திருடுகிற மாதிரி இருப்பதும் ஞாயிறுதோறும் நடந்தது. மீன்கள் கொழுத்தன.

கத்திக் கத்தியோ என்னவோ, போன வருடம் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்துவிட்டது. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லி அறுவை செய்து எடுத்தார்கள். நன்றாக ஆறும்வரை வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். “தொறக்க மாட்டேன் டாக்டர், கேரண்டி,” என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் அண்ணன் மௌனமானார்.

“கல்யாணமான நாள்லருந்து இவரு ஒரு நாளாச்சும் வாய மூட மாட்டாரான்னு வேண்டியிருக்கேன் தம்பி,” என்றார் பாக்கியம் அக்கா. “இப்ப மூடிட்டாரு. நல்லாவே இல்ல.”

சந்தே அமைதியானது. கங்கோங்கை யாரும் தொடவில்லை. “பேச முடியாத மனுசன்கிட்டப் போயி திருடுறதா? பாவம்லா,” என்றார் மேரி அக்கா. எல்லாரும் அவ்வளவு நல்லவர்களாகிவிட்டார்கள். கங்கோங் முற்றியது, அழுகியது, தண்ணீர் பச்சையானது. எங்கள் இரக்கமே மீன்களைக் கொன்றுவிடும் போலிருந்தது. குட்டித்தம்பி மேலே வந்து வாயைத் திறந்தான்.

அண்ணன் வேலி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களிடம் அறுப்பது போல் கையை இழுத்து இழுத்துக் காட்டினார். “பாவம், தொண்டைய அறுத்ததைக் காட்டுறாரு,” என்று மேரி அக்கா கண்கலங்கிச் சூப்பு வைத்துக் கொடுத்தனுப்பினார். எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். எழுதினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். கேரண்டி அண்ணன் அதைச் செய்யமாட்டார். ஆனால் அவர் குளத்தைப் பார்த்த பார்வையில், அவரிடம் நான் அதுவரை காணாத ஒன்று இருந்தது. பயந்துபோயிருந்தார்.

அந்த ஞாயிறு காலை நானே போய்த் தூணின் மேல் கத்தியையும் ரப்பர் வளையங்களையும் வைத்தேன். முக்காலியைப் போட்டேன். பின்சந்தின் நடுவில் நின்றேன். நான் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: “யாருலா அண்ணனோட எஞ்சின்ல கைய வெச்சது? போலீஸ்ல குடுப்பேன்!”

ஜன்னல்கள் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை. நாற்காலியிலிருந்த அண்ணன் உள்ளங்கையை மேல்நோக்கி இரண்டு தரம் உயர்த்தினார். இன்னும் சத்தமா. மறுபடி கத்தினேன். அப்போது சமையலறையிலிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது.

“கடைசி வார்த்தைய விட்டுட்டீங்களே தம்பி!”

செருமிவிட்டு, “கேரண்டி!” என்று கத்தினேன்.

கதவுகள் திறந்தன. மேரி அக்கா வந்தார், அவருக்குப் பின்னால் வரிசையே வந்தது. வேலிக் கம்பிகளுக்குள் கைகள் நுழைந்தன. அண்ணன் வேறெங்கோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர்கள் கட்டுக் கட்டிப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

குட்டித்தம்பி பிழைத்துக்கொண்டான். அண்ணனுக்கும் பேச்சு வந்துவிட்டது. ஆனால் பாதிக் குரல்தான், வேலியைத் தாண்டாது. நான் இப்போது செண்டாயானில் வீடு வாங்கிப் போய்விட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காடியை எடுத்துக்கொண்டு மம்பாவுக்குப் போய், அந்தச் சந்தில் நின்று கத்திவிட்டு, அண்ணனிடம் பாதிக் குரலில் ஒரு திட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு கட்டு கங்கோங்கோடு வருகிறேன். “இதுக்காகவா இவ்ளோ தூரம்? இங்க பசார்லயே கிடைக்குதுல்ல?” என்கிறாள் மனைவி. கிடைக்கும்தான். திட்டிக்கொண்டே கொடுக்கப் பசாரில் ஆள் இல்லை.