மெல்போர்ன், வழி அவலாஞ்சி

"குன்னூர் வந்தா நிறுத்தாதீங்க. தாண்டறப்ப மட்டும் சித்தெ வேகமாப் போங்க" என்றார் சுப்பண்ணன்.

கோயமுத்தூரில் பிடித்த வாடகைக் காரின் டிரைவர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். கோட்டு போட்ட பெரிய மனிதர். கோட்டின் காலரில் ரோஜா மாலையின் இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதுப் புடவையில் மனைவி. டிக்கி கொள்ளாமல் பெட்டிகள்.

"சொந்த ஊரே குன்னூர்தான்னு சொன்னீங்களே சார்."

"சொந்த ஊரு அதுதானுங்க. ஆனா நாங்க இப்ப அங்க இல்லீங்க. ஆஸ்திரேலியா போயிட்டோம்."

குன்னூர் பஸ் ஸ்டாண்டு வந்தபோது பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும் குனிந்து காலடியில் எதையோ தேடினார்கள். வெலிங்டன் வரைக்கும் தேடினார்கள்.

மகன் கீர்த்திவாசன் மெல்போர்னில் வீடு வாங்கியதிலிருந்து "வந்து எங்களோடவே இருங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சுப்பண்ணன் இரண்டு வருஷமாகத் தராசு பிடித்தார். மலைப்பாதையில் மண் சரிந்தால் மெல்போர்ன் பக்கம் தட்டு இறங்கும். காலையில் பேக்கரியிலிருந்து சூடாக வர்க்கியும் டீயும் வந்தால் குன்னூர் பக்கம் இறங்கும். கடைசியில் மண்சரிவு ஜெயித்தது. டிக்கெட் வந்தது. பூங்காவில் கூடும் காலைநடை மன்றத்தார் சால்வை போட்டு, மாலை போட்டு வழியனுப்பு விழா நடத்தினார்கள்.

அந்த விழாவில் சுப்பண்ணன் பேசிய ஏற்புரைதான் இப்போது ஊருக்குத் திரும்ப விடாமல் குறுக்கே நின்றது.

"இந்த ஊர்ல என்னங்க இருக்குது? மழ பேஞ்சா ரோடு இருக்கறதில்ல. வெயிலடிச்சா தண்ணி இருக்கறதில்ல. கதவத் தொறந்தா காட்டெருமை நிக்குது. அறிவு இருக்கறவன் எவனாச்சும் வயசான காலத்துல இங்க இருப்பானுங்களா?"

மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் வயசான காலத்தில் அங்கேயே இருப்பவர்கள். இருந்தாலும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். மன்றத் தலைவர் ரெடிமேட் கடை மனோகரன் மட்டும் தட்டவில்லை. அவர் கையில் சுப்பண்ணன் வீட்டுச் சாவி இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஒத்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து வந்து சேர்ந்த கோயமுத்தூர் விமான நிலைய வாசலில் மனைவி பங்கஜம் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏனுங்க, அங்க போயி நான் யாருகூடப் பேசறதுங்க?"

"நீதான பேரனைப் பாக்கோணும்னு சொன்னே?"

"பாக்கோணும்னுதான் சொன்னேன். அங்கயே இருக்கோணும்னா சொன்னேன்? நீங்கதான் எந்நேரமும் அந்த ஊரு ரோட்டப் பத்தியே பேசிட்டிருந்தீங்க. சரி, மனுசன் ஆசப்படறாரு, போனாப் போகுதுன்னு கெளம்பினேன்."

சுப்பண்ணன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ ஆசப்படறேன்னு நெனச்சுத்தான் பங்கஜம் நான் அந்த ரோட்டப் பத்தியே பேசுனேன்."

அந்த ரோடு அவர் கண்முன் வந்தது. போன முறை விசிட் போனபோது தினமும் அதில் நடந்திருக்கிறார். குண்டு குழி கிடையாது, குப்பை கிடையாது, ஆளும் கிடையாது. நாயோடு வரும் கிழவர் ஒருவர் சிரித்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாய் மட்டும் கொஞ்சம் நின்று பேசும். குழாயைத் திறந்தால் தண்ணீர், சொன்ன நேரத்துக்கு ரயில், ஆஸ்பத்திரியில் அன்பான டாக்டர். குறை சொல்ல ஒன்றுமே இல்லாத ஊரில் மனிதன் எதற்காக வாயைத் திறப்பது?

மகனுக்குப் போன் செய்து முட்டி வலி என்றார்கள். "சரியானதும் வாங்கப்பா" என்றான். அது சுலபமாக முடிந்தது. குன்னூர்தான் சுலபமாக இல்லை.

"இன்னிக்கே திரும்பிப் போனா சிரிச்சே கொன்னு போடுவாங்க" என்றாள் பங்கஜம். "ரெண்டு மாசம் எங்கயாச்சும் இருந்துட்டு, அந்த ஊரு தண்ணி ஒத்துக்கலைன்னு சொல்லிப்போட்டு வந்தர்லாமுங்க."

"எங்க இருக்கறது? கோயமுத்தூரா?"

"இந்த வெக்கையிலயா? நம்மனால ஆகாதுங்க."

அப்படித்தான் அவர்கள் ஊட்டியையும் தாண்டி, எமரால்டையும் தாண்டி, அவலாஞ்சிப் பக்கம் ஒரு சின்னக் காட்டேஜுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாளே மன்றத்து வாட்ஸாப் குழுவில் மனோகரன் கேட்டார்: 'போய்ச் சேந்தாச்சா? போட்டோ போடுங்க.'

சுப்பண்ணனுக்கு வேர்த்தது. பங்கஜம் ஜன்னலைத் திறந்து காட்டினாள். எதிரே மலைச்சரிவு முழுக்கக் கற்பூர மரம் என்கிற தைலமரம், சீகை மரம்.

"இந்த மரமெல்லாம் வெள்ளக்காரன் எங்கிருந்துங்க கொண்டாந்தான்?"

"ஆஸ்திரேலியாலருந்து."

"அப்புறமென்ன? போயி நில்லுங்க."

கற்பூர மரத்தடியில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சுப்பண்ணன் நின்ற படம் குழுவில் போனது. பாராட்டு குவிந்தது. 'காத்துலயே சுத்தம் தெரியுது' என்றார் ஒருவர். 'நம்ம ஊர்லயும் மரம் இருக்கே, இந்தப் பச்சை வருமா?' என்றார் இன்னொருவர். சுப்பண்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மறுநாள் ஏரிக்கரையில் ஒரு படம், அதற்கு மறுநாள் புல்வெளியில் ஒரு படம். பங்கஜம் எமரால்டு கடைவீதியில் ஓலைத்தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டாள். அதைப் போட்டால் எந்த நாடு வேண்டுமானாலும் சொல்லலாம் போல இருந்தாள்.

படத்தோடு நின்றிருக்கலாம். ஒரு சாயங்காலம் மனோகரன் வீடியோவில் கூப்பிட்டார். எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவார் என்று சுப்பண்ணன் புல்வெளிக்கு ஓடிப்போய் எடுத்தார். மனோகரனுக்குப் பின்னால் மன்றமே நின்றது.

"ஏனுங்க சுப்பண்ணா, அங்க இந்நேரம் இருட்டியிருக்கோணுமே. வெயிலடிக்குது?"

"இங்க இப்பக் கோடைங்க. ராத்திரி சாப்பிடற வரைக்கும் வெயிலடிக்கும்."

"கோடையா? அப்புறம் என்னத்துக்குங்க மங்கிக் குல்லாயும் மப்ளரும்?"

சுப்பண்ணன் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம், இருந்தது. பங்கஜம் ஓலைத்தொப்பித் தலையைப் படத்துக்குள் நீட்டினாள். "ஏசிங்கண்ணா."

"வெளியிலதானம்மா நிக்கறீங்க?"

"இங்கெல்லாம் அப்படித்தானுங்க. பார்க்குக்கே ஏசி போட்டிருக்காங்க."

மனோகரன் திரும்பி, "கேட்டீங்களா, பார்க்குக்கே ஏசியாமா" என்றார். மன்றம் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் புதரை விலக்கிக்கொண்டு ஒரு காட்டெருமை வந்து சுப்பண்ணனுக்குப் பின்னால் நின்றது.

"அதென்னங்க பின்னால? நம்மூரு காட்டெருமையாட்டவே இருக்குது?"

"இந்த ஊரு பால்மாடுங்க." சுப்பண்ணன் உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தார்.

"எத்தன லிட்டரு கறக்குமுங்க?"

"நம்ம கறக்க முடியாதுங்க. மிஷின்தான் கறக்கோணும்."

காட்டெருமை மூச்சு விட்டது. மனோகரனின் போனில் படம் குலுங்கியது, வானம் தெரிந்தது, புல் தெரிந்தது, வேட்டி தெரிந்தது.

"என்னங்க, ஓடறீங்க?"

"வாக்கிங் நேரமுங்க. இங்க கொஞ்சம் வேகமாத்தான் நடப்பாங்க."

காட்டேஜ் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பங்கஜம் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்தாள். "பால்மாடாமா" என்று சொல்லிச் சொல்லி மறுபடி சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அப்படிச் சிரித்ததுதான். சுப்பண்ணனுக்கும் தொற்றிக்கொண்டது.

ஆனால் அடுத்த வாரமே மனோகரன் மறுபடி கூப்பிட்டார். நல்லவேளை, இந்த முறை வெறும் பேச்சுதான்.

"ஒரு நல்ல சேதிங்க. எங்க தங்கச்சி மக ஸ்வேதா படிக்கறதுக்கு ஆஸ்திரேலியா வர்றா. வர்க்கியும் தைலமும் குடுத்து உடறேன். மெல்போர்ன் வழியாத்தான் வர்றா, நேரா உங்க ஊட்டுக்கே வந்து குடுத்துருவா."

சுப்பண்ணன் முகம் வெளுத்தது. மகன் வீட்டுக் கதவை அந்தப் பெண் தட்டினால் எல்லாம் முடிந்தது. பங்கஜம் ஒரு காகிதத்தால் அவருக்கு விசிறியபடி கிசுகிசுத்தாள்: "ஊரு மாறிட்டோம்னு சொல்லுங்க. தூரமா எதாச்சும் சொல்லுங்க."

"அடடா, நாங்க மெல்போர்ன்ல இல்லீங்களே. பெர்த்துக்கு வந்துட்டோமுங்க."

"பெர்த்துங்களா? அட, நெம்ப நல்லதாப் போச்சு. ஸ்வேதாவுக்கு எடம் கெடச்சதே பெர்த்துலதானுங்க."

பங்கஜம் விசிறுவதை நிறுத்தினாள். சுப்பண்ணன் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் ஊரச் சொல்லலீங்க மனோகரன். ரயில் பெர்த்தச் சொன்னேன். ரயில்ல போயிட்டிருக்கோம். பெர்த்து கெடச்சுருச்சு, அதத்தான் சொன்னேன்."

"ஓ. எந்த ஊருக்குங்க ரயிலு?"

"உள்ளாற பாலைவனம் இருக்குதில்லீங்க, அங்க. சிக்னலே கெடைக்காது. கொஞ்ச நாளைக்குப் போனே போடாதீங்க."

"ரயிலு சத்தமே கேக்கலீங்களே?"

"இங்க ரயிலு சத்தம் போட்டா அபராதமுங்க" என்று சொல்லிவிட்டுச் சுப்பண்ணன் போனை அணைத்தார்.

பாலைவனத்தில் இருந்த அந்த நாட்களில்தான் அவருக்கு ஊர் ஏக்கம் பிடித்தது. மலை அதுதான், மேகம் அதுதான், பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் குன்னூர். ஆனால் போக முடியாது. மனோகரன் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவாரே, அந்த மறுப்பு இல்லாமல் காலைநடை ருசிக்கவில்லை. தண்ணீர் லாரி வந்ததா, ரோடு போட்டார்களா என்று யாரிடம் கேட்பது?

"மெல்போர்ன்ல இருந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

"அங்க பேரனாச்சும் இருப்பானுங்க" என்றாள் பங்கஜம். இதை அவள் சிரிக்காமல் சொன்னாள்.

போனை மறுபடி உயிர்ப்பித்தபோது மன்றத்துக் குழுவில் மனோகரனின் அறிவிப்பு காத்திருந்தது. 'நம் சுப்பண்ணன் அனுப்பிய படங்களைப் பார்த்ததில் இருந்து எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆஸ்திரேலியா போக நமக்கு வசதி இல்லை. விசாரித்ததில், அச்சு அசல் அதே மாதிரி இடம் அவலாஞ்சியில் இருப்பதாகத் தெரிகிறது. நாளை காலை வேனில் கிளம்புகிறோம்.'

பங்கஜம் பெட்டியை இழுத்து வைத்துத் துணியை அடைக்க ஆரம்பித்தாள். எமரால்டில் ஜீப் ஓட்டுகிறவர் யோசனை சொன்னார்: "ஆளு கண்ணுல படக்கூடாதுன்னா கூடலூருக்கு அந்தாண்ட போங்க சார். ஓவேலியில ஐவி அக்கா ஊடுன்னு ஒண்ணு இருக்கு. ரூம் வாடகைக்கு உடுவாங்க. எஸ்டேட்டுக்குள்ள, யாரும் வரமாட்டாங்க."

விடிந்ததும் அதே ஜீப்பில் புறப்பட்டார்கள். ஊட்டி ரோட்டில் எதிரே ஒரு வேன் வந்தது. ஜன்னலில் மனோகரனின் முகம். பங்கஜம் தொப்பியைக் கணவரின் முகத்தில் கவிழ்த்துவிட்டு, தான் முந்தானைக்குள் போய்விட்டாள். வேனுக்குள்ளிருந்து பாட்டும் கைதட்டலும் கேட்டன. சுப்பண்ணன் தொப்பிக்குள் இருந்தபடி, வேன் வளைவில் மறையும் வரை காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பங்கஜம்."

"சொல்லுங்க."

"நான் சொல்லிரப் போறேன். அந்த ஊரு நல்ல ஊருதான், ஆனா எங்களுக்கு இந்த ஊருதான் வேணும்னு. ஒரு வாரம் பொறுத்து நேராப் போயி மனோகரன்கிட்டச் சாவிய வாங்கிக்கறேன். பேரன லீவுக்கு இங்க வரச் சொல்லுவோம். இல்லீன்னா நாம போயி ஒரு மாசம் பாத்துட்டு வருவோம்."

"மேடையில பேசுன பேச்சு?"

"அதையும் வாபஸ் வாங்கிக்கறேன். அறிவு இல்லாதவன்னு நானே சொல்லிக்கறேன்."

பங்கஜம் அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். "நான் ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லீங்களே" என்றாள்.

கூடலூரைத் தாண்டி, தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் நடுவே ஜீப் குதித்துக் குதித்துப் போய் ஒரு நீளமான ஓட்டு வீட்டின் முன் நின்றது. மூடுபனியில் வீட்டின் மறுகோடி தெரியவில்லை. ஐவி அக்கா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, பெட்டிகளைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், ஓலைத்தொப்பியைப் பார்த்தாள்.

சுப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஒரே வாரந்தானுங்க. ஒரு சின்ன விஷயம். யாராச்சும் வந்து கேட்டா நாங்க இங்க இல்லைன்னு சொல்லிரோணும். நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது. அதாவது, ஊர்க்காரங்களப் பொறுத்தவரைக்கும் நாங்க இந்த நாட்டுலயே இல்லீங்க."

ஐவி அக்காவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தபடியே, பயம் வேண்டாம் என்று கையசைத்து, மலையாளம் கலந்து சொன்னாள்:

"பேடிக்க வேண்டா சாரே, மேல் ரூம்ல இருக்கறவரு அமெரிக்கா போயிருக்காரு, பக்கத்து ரூம்காரங்க கனடா போயிருக்காங்க, நீங்க எந்த நாட்டுக்குப் போயிருக்கீங்க?"