பெனிஷாவுக்குத் தொண்டை கட்டிய விவரம்

சேசு மரி சூசை துணை

தேனி,
27.6.2024, வியாழன், மத்தியானம்

மரியாதைக்குரிய ஜோயல் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் இமானுவேல் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே மாமா, அத்தை, நான், ஐந்து குதிரைசக்தி மோட்டார் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஷார்ஜாவில் உங்கள் சுகமும், அக்கா பிள்ளைகள் சுகமும், அங்கத்திய வெயில் எப்படி என்பதும் அறிய ஆவல்.

இந்த மாதம் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குச் செய்தி வந்தது. உங்கள் அப்பா ஓடைப்பட்டியிலிருந்து போன் செய்து, "மாப்ள, பெனிஷாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு எட்டு வந்து பாரு" என்றார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவரில் மாதா படம் போட்ட காலண்டரைப் பார்த்தேன். உங்கள் தங்கை பெனிஷா இறந்து ஏழு மாதம் ஆகிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு, "எப்பருந்து மாமா?" என்று கேட்டேன். "நேத்து சாயங்காலத்துலருந்து கரகரங்குது. இன்னைக்குச் சுத்தமா எந்திரிக்கல" என்றார். சரி, வருகிறேன் என்று சொல்லி ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாட்ஸாப்பில் பேசி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். குரல் சம்பந்தப்பட்ட விவகாரத்தைக் குரலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தாள். லீவு முடிந்து திரும்பும் நம்மூர்க்காரரிடம் அத்தை கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயோடு கொடுத்துவிடுகிறேன். தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அது ஊறுகாய், வேறொன்றும் இல்லை.

நீங்கள் ஊரில் இல்லாத காலத்து விஷயம் என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினேன். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். தோட்டத்துக்குக் காலை ஆறு மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும்தான் மூணு ஃபேஸ் கரண்டு. வந்தால் அதுவே மோட்டாரைப் போட்டுவிட்டு மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லும். கம்பெனிக்காரன் வைத்திருந்த குரல் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "யாரோ ஒரு பொம்பள, மூஞ்சி தெரியாதவ, என் மோட்டாரப் பத்தி எனக்குச் சொல்றதா?" என்று மூன்று நாள் போனையே எடுக்காமல் இருந்தார். அதனால் பெனிஷாவை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்து பெட்டிக்குள் ஏற்றினேன். "அப்பா, கரண்டு வந்துருச்சு. மோட்டார் ஓடுது. சாப்பிட்டுட்டு வாங்க." அவ்வளவுதான். போன நவம்பரில் மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். பெட்டிக்கு அது தெரியாது. அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறையிலிருந்து திரும்பி வருகிற வழியிலேயே மூணு மணிக் கரண்டு வந்து மாமாவின் சட்டைப் பையிலிருந்து அவள் சாப்பிடச் சொன்னாள். நீங்கள் அப்போது வண்டியில் முன்னால் போய்விட்டீர்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை ஓடைப்பட்டி போய் நோயாளியைப் பார்த்தேன். மாமாவுக்குக் காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். வால்யூம் முழுசாக இருந்தது. அதுவும் போதாமல் பக்கத்துத் தோட்டத்து ராக்கையா அண்ணன் ஏதோ ஒரு செயலியை ஏற்றி முந்நூறு சதவீதம் ஆக்கியிருந்தார். பயறு அளவு ஸ்பீக்கர் அது, மச்சான். அதன் சக்திக்கு மேலே அலையை ஏற்றினால் அலையின் தலையை வெட்டிவிட்டு மொட்டையாக வெளியே தள்ளும். இதற்குத் தொழிலில் கிளிப்பிங் என்று பெயர். போதாக்குறைக்கு மாமா கொடிக்கு மருந்தடிக்கும்போது போனைப் பையில் வைத்தே அடித்திருக்கிறார். ஸ்பீக்கர் வலை முழுக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் காய்ந்து நீலமாக அடைத்திருந்தது. பேசவிட்டுப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள் வண்டு விழுந்தது போல ஒரு சத்தம். "பாத்தியா, எப்படிப் பேசுறா பாரு. பனங்கற்கண்டு குடுத்தா சரியாகுமா?" என்றார் மாமா. விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, செயலியை நீக்கி, வால்யூமை அறுபதில் வைத்துக் கொடுத்தேன். குரல் சுத்தமாக வந்தது. மாமாவுக்குக் கேட்கவில்லை. "இப்ப மெதுவாப் பேசுறா. எம்மேல கோவம் போல" என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறார். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்து, சமையலறை மூலையில் இருந்த காலி அண்டாவுக்குள் போனை வைத்திருக்கிறார். யோசனையில் தப்பில்லை. அண்டா சத்தத்தைப் பெருக்கும். ஆனால் அது அரிசி கொட்டுகிற அண்டா. ரேஷன் கடையிலிருந்து வந்த அத்தை உள்ளே பார்க்காமல் இருபது கிலோவை அதில் கொட்டிவிட்டார்கள். நனைந்த போனை அரிசிக்குள் போட்டு வைப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். காய்ந்த போனைப் போட்ட முதல் குடும்பம் நம்முடையது. தன்னால் போனை எடுத்துக்கொள்ளும்படியும் அதில் ராக்கையா அண்ணன் செய்து வைத்திருக்கிறார் போல. மூணு மணிக்கு அரிசிக்குள்ளிருந்து "சாப்பிட்டுட்டு வாங்க" என்று கேட்டதும் அத்தை உலையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து, "யாத்தே, அரிசி பேசுது!" என்று கத்தியிருக்கிறார்கள். பிறகு விஷயம் தெரிந்து அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்து சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லையாம். ராக்கையா அண்ணன் எனக்குப் போன் செய்து, "தம்பி, ஒங்க மாமியா அண்டாவக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காக. நீ வாரியா, நான் வீடியோ எடுக்கவா?" என்று கேட்டார்.

அரிசியிலிருந்து எடுத்தபோது ஸ்பீக்கர் சவ்வே கிழிந்திருந்தது. வேறு ஸ்பீக்கர் வரும்வரை மாமாவின் சிம்மைப் பெனிஷாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். இது நான் செய்த தவறு. எழுதி ஒப்புக்கொள்கிறேன். டிப்ளமோ படித்தவன் செய்யக்கூடாத தவறு. கோயிலுக்குப் புது ஆம்ப்ளிஃபயர் மாட்டியது நான்தான். அதில் புளூடூத் உண்டு, போன் பேசும் வசதியும் உண்டு என்று பங்குச் சாமியாரிடம் பெருமையாகச் சொன்னவனும் நான்தான். பாடற்குழுவுக்குப் பாட்டுப் போட அதில் பெனிஷாவின் போனை இணைத்து வைத்ததும் நான்தான். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மூளை வேலை செய்யவில்லை. இப்போதெல்லாம் அது சிங்கிள் ஃபேஸில்தான் ஓடுகிறது.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு காலைப் பூசை. அன்றைக்குக் கரண்டு ஆறு மணிக்கு வரவில்லை. சாமியார் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். ஏழு நாற்பதுக்கு மாமா பையிலிருந்த போன் அதிர்ந்தது. அவர் பச்சையை அழுத்தினார். கோயிலின் நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும், உடைசல் இல்லாமல், கரகரப்பு இல்லாமல், "அப்பா, கரண்டு வந்துருச்சு. மோட்டார் ஓடுது" என்றாள்.

மச்சான், ஒருத்தர் திகைக்கவில்லை. ஒருத்தர் சிலுவை போடவில்லை. ஆம்பளைகள் அத்தனை பேரும் எழுந்து மோட்டார் போட ஓடிவிட்டார்கள். தபேலா வாசிக்கிறவர் தபேலாவைத் தாண்டிக் குதித்துப் போனார். பீடத்தில் பூசைக்கு உதவி செய்துகொண்டிருந்த பெரியவர் கையிலிருந்த மணியோடு போய்விட்டார். உங்கள் அப்பா மடை திருப்பவேண்டும் என்று போனைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். ஆண்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். எனக்குத் தோட்டம் இல்லை.

எப்போதும் "சாப்பிட்டுட்டு வாங்க" என்றதும் மாமா சிவப்பை அழுத்திவிட்டு எழுந்துவிடுவார். அன்றைக்கு அழுத்த ஆள் இல்லை. அதனால் பெட்டி மேற்கொண்டு பேசியது. "சாப்பிட்டுட்டு வாங்க." அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பதிவின் வாலை நான் வெட்டவே இல்லை போலிருக்கிறது. எட்டு நொடி இருந்தது. "போதுமா? ஏழு தடவ பேசவிட்டுட்டீக. சிரிக்காதீக, அதுவும் பதிஞ்சுரும்." அப்புறம் பதிவுக்குள் ஓர் ஆள் சிரிக்கிற சத்தம். யாரடா இவன் என்று பார்த்தேன். நான்தான்.

சாமியார் "விசுவாசப் பிரமாணம்" என்று அடுத்த செபத்தை ஆரம்பித்தார். பூசை முடிந்து என்னிடம் வந்து, "ஏப்பா, நானும் பதினஞ்சு வருசமா எந்திரிங்க எந்திரிங்கன்னு சொல்றேன். ஒரு பய எந்திரிச்சதில்ல" என்றார். அப்புறம் தோளில் கைவைத்து, "ஒலிபெருக்கி நல்லா மாட்டியிருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ராக்கையா அண்ணன் உங்களுக்குச் சொன்னது உண்மைதான். புது ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்ததிலிருந்து மாமா கிணற்றடியிலேயே உட்கார்ந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குகிறார், மாட்டுகிறார். மாட்டினால் பெட்டிக்குக் கரண்டு புதிதாக வந்த மாதிரி. உடனே போன் பண்ணும். செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் மோட்டாரும் ஓடுகிறது. பழம் கறுத்து நிற்கிற நேரத்தில் கொடிக்கு இவ்வளவு தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று திராட்சைக்காரர் மகன் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கம்பத்து வியாபாரி வந்து ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து, "என்ன பெரியவரே, பழம் வெடிச்சு வருது? இன்னும் நாலு நாளு இப்படிப் பாய்ச்சுனா வெட்ட ஆள் அனுப்ப மாட்டேன், காக்காவக் கூப்பிட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இவுக அழுதாக்கூட நான் பாத்துக்கிருவேன். தண்ணியவுல்ல பாய்ச்சுறாக. ஒரு வருசத்துப் பாடு கொடியில தொங்குது. நீதான் எதாவது பண்ணணும்" என்றார்கள்.

நீங்கள் அனுப்பிய புது ஸ்டார்ட்டர் பெட்டி வந்து சேர்ந்தது. நல்ல சாமான். குரலே கிடையாது. கரண்டு வந்தால் திரையில் எழுத்து வரும். நேற்று மாமாவிடம் காட்டினேன்.

"மாத்திரலாமா மாமா?"

"மாத்து மாப்ள. ஜோயலு சொன்னா சரியாத்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. எழுதிக் காட்டும்."

"அப்ப சாப்பிடச் சொல்லாதா?"

"சொல்லாது மாமா."

"செரி. வயித்துக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு ஃபியூஸ் கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் போனைப் பிரிக்கிறேன், ஒன்பதைத் திரும்ப மாட்டுகிறேன். அழுகை வரவில்லை. எல்லா இணைப்பும் சரியாகத்தான் இருக்கிறது, வோல்டேஜும் வருகிறது, சத்தம்தான் இல்லை. குரல் என்பது சில நொடி டேட்டா, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தோட்டத்தை அழியவிடக்கூடாது என்று நீங்கள் சொன்னதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் முடிவெடுத்துவிட்டேன். நாளைக் காலை பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறேன். இதில் மாற்றம் இல்லை.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அந்தோணியார் உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். நோன்பு மாதிரி வேலை வேலை என்று கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
இமானுவேல்

பி.கு.: மேலே எழுதியது போன வியாழக்கிழமை. கொண்டுபோகிறவர் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். புது ஸ்டார்ட்டரை வெள்ளிக்கிழமை காலை மாட்டினேன். ராக்கையா அண்ணன் தோட்டத்தில். அவருக்கு யார் சாப்பிடச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சாப்பிடுவார். பழைய பெட்டியில் ஒரு தடவை மோட்டாரைப் போட்டுப் பேசினால் அடுத்து ஆறு மணி நேரம் ஓடவும் கூடாது, பேசவும் கூடாது என்று அமைத்துவிட்டேன். ஃபியூஸைப் பிடுங்கினாலும் பிரயோசனமில்லை. பழம் வெடிப்பது நின்றது. வெட்டு ஆரம்பித்தாயிற்று. மாமாவின் போனில் வால்யூம் எண்பதுக்கு மேல் ஏறாதபடி பூட்டியிருக்கிறேன், இனித் தொண்டை கட்டாது.

அமைக்கும்போது சோதனைக்காக என் நம்பரை முதலில் போட்டேன். மாமாவுடையது இரண்டாவது. முதல் ஆள் எடுத்துவிட்டால் பெட்டி இரண்டாவது ஆளைக் கூப்பிடாது. சோதனை முடிந்து அழிக்க வேண்டும். அழிக்கவில்லை. காலை ஆறு மணிக்கு எனக்குத்தான் வருகிறது; மத்தியானம் கடை வேலையில் நான் எடுக்காததால் மாமாவுக்குப் போய்விடுகிறது. வால்யூமைக் குறைத்து வைத்துக் கடைசிவரை கேட்கிறேன், அந்த எட்டு நொடியும் சேர்த்து. என்னையும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாமா, "காலையில அவ பேசுறதில்லையே மாப்ள?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே, "அதுவும் நாயந்தான். வீட்டுக்காரன்ல" என்றார். ஆகவே காலை ஷிஃப்டு எனக்கு, மத்தியானம் அவருக்கு. இதை வாசித்துவிட்டு நீங்கள் திட்டுவதற்குக் கூப்பிட்டால் மத்தியானத்தில் கூப்பிடவேண்டாம், கிடைக்க மாட்டேன். இப்போது மணி இரண்டு ஐம்பது. மூணு மணிக்குக் கரண்டு வரும். மாமா கிணற்றடியில் உட்கார்ந்திருப்பார். என் போனை ஆஃப் செய்துவிட்டேன்.