மூன்று எழுத்தும் ஓர் ஆட்சேபமும்

பசுமலை, மதுரை.
21.11.1983, திங்கள்கிழமை.

அன்பு மகன் தயாளனுக்கு அப்பா ஞானசீலன் எழுதுவது. நானும் உன் அம்மாவும், என் வலது முழங்கால் ஒன்று நீங்கலாக, கர்த்தருடைய கிருபையில் சுகமாக இருக்கிறோம். நார்வேயில் நீயும், உனக்கு நிச்சயமாகியிருக்கும் பெண்ணும், அவளைப் பெற்றவர்களும் குளிர் தாங்கிச் சுகமாக இருக்க நாள் தவறாமல் ஜெபிக்கிறோம். நிற்க.

உன் லாசர் மாமா நேற்று மதியமே உனக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டதாக அறிகிறேன். “உன் கலியாணத்துக்கு உன் அப்பாவே கோயிலில் எழுந்து நின்று ஆட்சேபம் சொல்லிவிட்டார்” என்று அதில் இருக்கும். இருநூறு பேர் பார்த்ததால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனாலும் அது உண்மையில்லை. இதை முழுவதும் வாசித்துவிட்டு அதைக் கிழித்துப் போடு.

நீ நார்வேக்காரப் பெண்ணைக் கட்டப்போவதாக எழுதியபோது, “அந்தப் பெயரே என் வாயில் நுழையாது, அவள் என் வீட்டில் எப்படி நுழைவாள்?” என்று நான் பதில் எழுதியது வாஸ்தவம். முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் அதன் பொருளைப் பற்றிக் கவலை வருவதில்லை. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாமல் ஒரு கேசட்டை அனுப்பினாள். அவள் பெயரைத் தமிழில் எழுதினால் ஸோல்வி ஓஸெ ஸேட்டர் என்று வரும், வந்தாலும் தப்பு. மூன்று பெயரிலும் ஆளுக்கொன்றாக நம் ஊரில் இல்லாத உயிரெழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்றில் பூஜ்யத்தைக் குறுக்கே அடித்திருக்கிறார்கள். அதற்கு நாக்கு ‘ஏ’ சொல்ல வேண்டும், உதடு ‘ஓ’ சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளக் கூடாது. இன்னொன்றில் ஆங்கில ‘ஏ’யின் தலையில் சிறு வளையத்தை வைத்துவிட்டு, கிட்டத்தட்ட நம் ‘ஓ’வைத்தான் சொல்கிறார்கள். மூன்றாவதில் இரண்டு எழுத்துகள் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. ‘ஆ’ சொல்லக் கிளம்பிப் பாதி வழியில் ‘ஏ’ பக்கம் திரும்ப வேண்டும். கேசட்டில் அவள் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, நான் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்சம் நிறுத்துவாள். கடைசியில் “மாமா, சாப்பிட்டீங்களா?” என்று தமிழில் கேட்டுவிட்டு, வெட்கப்பட்டுச் சிரிப்பாள். நான் ஒவ்வொரு தடவையும் “சாப்பிட்டேம்மா” என்று பதில் சொல்வதாக உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை?

இரண்டு மாதமாகப் பின்கட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டிவைத்து நாளும் அரைமணி நேரம் சாதகம் செய்தேன். போன திங்கள்கிழமை பால் ஊற்ற வந்த மாயக்காள் இதைப் பார்த்துவிட்டாள். “ஏ ஆனிமேரியக்கா, வெரசா வாங்க! வாத்தியாருக்கு வாயி கோணிக்கிருச்சு! ஒதடு ஒரு பக்கம் போகுது, நாக்கு ஒரு பக்கம் போகுது, அம்புட்டும் வாதந்தேன்!” என்று உன் அம்மாவுக்குக் கேட்கக் கூப்பாடு போட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தால், அரைமணி நேரப் பயிற்சியில் தாடை களைத்துப்போய், பேச்சு கொழகொழவென்று வந்தது. அதற்குமேல் அவளுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அவள் தம்பி மலையாண்டி சைக்கிளில் ஒரு புறாவோடு வந்துவிட்டான். வாதத்துக்குப் புறா இரத்தத்தை மிஞ்சின வைத்தியம் இந்தப் பக்கத்தில் கிடையாது என்பது உனக்குத் தெரியும். என் தலையை உன் அம்மா பிடித்துக்கொள்ள, காதிலிருந்து தாடை வரைக்கும் தேய்த்துவிட்டுத்தான் போனான். அந்தக் கோலத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது உன் லாசர் மாமா வந்தார், பார்த்தார், உட்காராமலே திரும்பிப் போனார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் என் முகத்துக்காக விசேஷ ஜெபம் நடந்ததாம்.

இந்த நிலையில்தான் நேற்று, மூன்று ஞாயிறு வாசித்து ஆட்சேபம் கேட்கும் உங்கள் கலியாண ஓலையை முதல் தடவையாகச் சபையில் வாசிக்கும் நாள் வந்தது. சனிக்கிழமையே போதகர் வீட்டுக்குப் போய் அவருக்கு மூன்று எழுத்தையும் சொல்லிக்கொடுத்தேன். நல்ல மனிதர், முயற்சியும் செய்தார். ஆனால் அவருக்குக் கட்டுப்பல். உதட்டைக் குவித்து நாக்கை முன்னால் தள்ளினால் மேல்வரிசை முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. “பாத்துக்கிருவோம் சார். யாரு பொண்ணுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?” என்றார். ஆண்டவருக்குத் தெரியும், சபைக்குத் தெரிய வேண்டாமா?

நேற்று உன் பெயரையும் என் பெயரையும் கணீரென்று வாசித்தார். பெண்ணின் பெயர் வந்ததும், சாக்கடையைத் தாண்டுகிறவர் வேட்டியைத் தூக்கிக்கொள்வது போல, மூன்று எழுத்தையும் தொடாமல் தாண்டிவிட்டார். “இவர்களுடைய விவாகத்துக்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கலாம்” என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். தயாளா, கேசட்டில் அவள் எனக்காக நிறுத்துவாளே, சரியாக அதே அளவு நிறுத்தம். இரண்டு மாதமாக அந்த நிறுத்தம் வந்தால் பேசியே பழகிவிட்டவன் நான். எழுந்து நின்று, “தப்பு! இது சரியில்லை!” என்று சொல்லிவிட்டேன்.

இருநூறு தலை திரும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா “உக்காருங்க!” என்றாள். லாசர் மாமா என் கையைப் பிடித்து, “மாப்ள, இம்புட்டு நாள் கழிச்சுமா மனசு மாறல?” என்று அழாத குறையாகக் கேட்டார். போதகர் பேனாவை எடுத்துக்கொண்டு, “ஆட்சேபமா சார்?” என்றார். “ஆட்சேபந்தேன்! வீட்டுக்கு வாற மருமகள் பேரைச் சரியாச் சொல்ல வேண்டாமா?” என்றேன். முதல் வார்த்தையிலேயே அவர் பதிவேட்டில் எழுதிவிட்டார். நான் சபையைப் பார்த்துத் திரும்பி அவளுடைய முழுப்பெயரையும் சொன்னேன். மூன்று எழுத்தும் பிசகாமல் வந்தன. உன் ஞானஸ்நானத்தன்று உன் பெயரைச் சொன்னேனே, அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் நான் அவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை. முன்பு எழுதிய அந்தக் கடிதத்துக்காக உன்னிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை. டிசம்பர் ஏழாம் தேதி கலியாணம் குறித்தபடி நடக்கும், நீ எதற்கும் கவலைப்படாதே. ஸோல்விக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். அவள் பெற்றோருக்கு எங்கள் ஸ்தோத்திரம். கம்பளிக் குல்லாயைக் கழற்றாதே.

உன்னை எந்நாளும் நினைத்திருக்கும் அப்பா,
சா. ஞானசீலன்

பின்குறிப்பு: மேலே ஏழாம் தேதி என்று எழுதியிருப்பதை அடித்துவிடு. போதகர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். பதிவேட்டில் ஆட்சேபம் ஏறிவிட்டால் மேலிடத்துக்கு எழுதிப் பதில் வந்த பிறகு, மூன்று ஞாயிறும் முதலிலிருந்து வாசிக்க வேண்டுமாம். ஆகவே ஜனவரி நாலாம் தேதிக்கு முன்னால் முடியாது. நீங்கள் நால்வரும் டிசம்பர் பதினைந்தாம் தேதி நார்வேக்குத் திரும்புவதற்கு வாங்கிய டிக்கெட்டுகளை மாற்ற வேண்டியிருக்கும். “அந்த ஒரு வரியை அடிச்சுட்டாப் போதும் சார், ஏழாம் தேதியே முடிச்சிரலாம். அடிக்கட்டுமா?” என்று அவர் கேட்கத்தான் செய்தார். கோயில் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் அம்மா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனவள், “கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கு எத்தனை பேருக்குச் சுட?” என்று அங்கிருந்தே கேட்டாள். பெண்ணைப் பெற்றவர்களையும் சேர்த்து ஆறு பேருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.